அரசு தடை செய்த வெளிநாட்டு ஆன்டிவைரஸ்: விற்பனைக்கு ஒரு தேதி, அப்டேட்டுக்கு ஒரு தேதி. எதை எந்த வரிசையில் செய்வது?

மடைமாற்றி (கேள்வி)

நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி வெளிநாட்டு மென்பொருள் நிறுவனங்களை அரசுகள் தடை செய்வது பற்றிய கேள்வி. அமெரிக்க வணிகத் துறை 2024 ஜூன் 20 அன்று காஸ்பர்ஸ்கி என்ற ரஷ்ய ஆன்டிவைரஸ் நிறுவனம் மீது பிறப்பித்த உத்தரவையே மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். அதில் ஜூலை 20 ஒரு தேதி, செப்டம்பர் 29 இன்னொரு தேதி.

இப்படி ஒரு உத்தரவுக்குள் வரும் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சுமார் 600 விண்டோஸ் கணினி, 40 சர்வர், நான்கு கிளைகள், எல்லாவற்றிலும் இருக்கும் ஆன்டிவைரஸை மையத்திலிருந்து நடத்த ஒரே நிர்வாக சர்வர். மடிக்கணினிகளின் வட்டு என்கிரிப்ஷனும் இதே மென்பொருளின் கையில்.

1. இரண்டு தேதிகளுக்கும் என்ன வித்தியாசம்? ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர் தொடர்ந்து பயன்படுத்தினால் குற்றமா?
2. நீக்கும்போது எது முதலில், எது கடைசியில்?
3. ஃபயர்வால், மெயில் கேட்வே போன்ற வேறு நிறுவனப் பெட்டிகளுக்குள் இதே எஞ்சின் இருந்தால்?
4. ஆதாரம் எதுவும் வெளியிடாமல் தடை போடுகிறார்கள். இதில் பாதுகாப்பு எவ்வளவு, அரசியல் எவ்வளவு? நிர்வாகத்திடம் நேர்மையாக என்ன சொல்வது?

---

சட்டவரி

முதல் கேள்விக்கு. "தடை" என்ற ஒரே சொல்லில் ஐந்தாறு வெவ்வேறு காரியங்களை அடக்கிப் பேசுகிறோம். உத்தரவில் எந்தச் செயல் தடுக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு என்று முதலில் பாருங்கள்.

2017 செப்டம்பர் 13 அன்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை காஸ்பர்ஸ்கி பற்றி விட்ட உத்தரவு (எண் 17-01) மத்திய அரசின் சிவில் அலுவலகங்களுக்கு மட்டும். எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க 30 நாள், நீக்கும் திட்டம் தர 60 நாள், 90ஆம் நாளில் நீக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். தனியாரை அது தொடவே இல்லை. ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ 2022 மார்ச் 15 அன்று காஸ்பர்ஸ்கி விஷயத்தில் செய்தது தடையே இல்லை, எச்சரிக்கை. இந்தியா 2020 ஜூன் 29 அன்று 59 சீனச் செயலிகளை முடக்கியது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ். அங்கே முடக்கப்பட்டது பொதுமக்களுக்கான அணுகல். ரஷ்யாவின் 166ஆம் எண் ஆணை (2022 மார்ச் 30) வேறு ரகம்: முக்கிய உள்கட்டமைப்பில் அரசு வாடிக்கையாளர்கள் வெளிநாட்டு மென்பொருளை அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது என்பது மறுநாளே அமலுக்கு வந்தது. பயன்படுத்தவே கூடாது என்பது 2025 ஜனவரி 1 முதல். அங்கே தடை பயன்படுத்துபவர் மேலேயே விழுகிறது.

நீங்கள் சொல்லும் 2024 உத்தரவு காஸ்பர்ஸ்கியின் செயலைத் தடுக்கிறது. ஜூலை 20 முதல் அமெரிக்கர்களோடு புதிய ஒப்பந்தம் கூடாது. செப்டம்பர் 29 முதல் வைரஸ் சிக்னேச்சர் (வைரஸை அடையாளம் காட்டும் பட்டியல்) அப்டேட், மென்பொருள் அப்டேட் எதுவும் தரக் கூடாது, கேஎஸ்என் என்ற அவர்களின் கிளவுட் வலையமைப்பையும் அமெரிக்கக் கணினிகளில் இயக்கக் கூடாது. மறுவிற்பனைக்கும், வேறு பொருளுக்குள் சேர்த்து விற்பதற்கும் தடை உண்டு. கையில் வைத்திருப்பவர் தொடர்ந்து பயன்படுத்தினால் அந்த உத்தரவின்படி தண்டனை இல்லை, ஆனால் ஆபத்துக்கு அவரே பொறுப்பு என்று வணிகத் துறை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அச்சுறுத்தல் பற்றிய தகவல் சேவை, பயிற்சி, ஆலோசனை ஆகியவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

ஆகவே உங்கள் நாட்காட்டியில் வட்டம் போட வேண்டியது செப்டம்பர் 29. ஜூலை 20 பெரும்பாலும் கொள்முதல் பிரிவின் கவலை. அந்தத் தேதிக்கு மேல் லைசென்ஸ் முடியும் கணினிகளுக்குப் புதிய ஒப்பந்தம் போட முடியாது, அதனால் அவற்றைப் பட்டியலின் தலைப்பில் போடுங்கள். அறிவிப்புக்கும் அப்டேட் நிறுத்தத்துக்கும் இடையில் சுமார் 100 நாள். 640 இயந்திரத்துக்கு அது போதும், ஆனால் முதல் மூன்று வாரத்தைக் கூட்டம் போட்டே கழித்தால் போதாது.

அரசு ஒப்பந்ததாரராக இருந்தால் கணக்கே வேறு. அரசுத் துறைகள் காஸ்பர்ஸ்கியைப் பயன்படுத்துவதைத் தடுக்கும், 2018 நிதியாண்டுக்கான அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டத்தின் 1634ஆம் பிரிவு 2018 அக்டோபர் 1 அன்று அமலுக்கு வந்தது. ஒப்பந்த வேலையில் அந்தப் பொருள் இருப்பது தெரியவந்தால் குறுகிய கெடுவுக்குள் அறிவிக்க வேண்டும், பிறகு கூடுதல் விவரம் தர வேண்டும். "பயன்படுத்தினால் தண்டனை இல்லை" என்ற வரியை நம்பி அங்கே இருந்துவிடாதீர்கள்.

---

கட்டளைவரி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பெரும்பாலான கோளாறுகள் மென்பொருளால் வருவதில்லை, வரிசையைத் தப்பாகப் பிடிப்பதால் வருகின்றன.

நிர்வாக சர்வரை முதலில் அணைக்காதீர்கள். அதுதான் கடைசி. அதை அணைத்தாலும் அது அனுப்பிய பாலிசிகள் (கட்டுப்பாட்டு அமைப்புகள்) ஒவ்வொரு கணினியிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் நீக்க முடியாதபடி பூட்டியிருந்தால் பூட்டும் இருக்கும், திறக்கச் சொல்ல மேலே ஆள் இருக்காது. பிறகு 600 கணினிக்கும் நேரில் போக வேண்டியதுதான்.

என்கிரிப்ஷன் முதலில். இதில் இரண்டு வகை. எது என்று பாலிசியைத் திறந்து பாருங்கள்.

அந்த நிறுவனத்தின் சொந்த வட்டு என்கிரிப்ஷன் என்றால், விண்டோஸ் எழும் முன்பே பாஸ்வேர்டு கேட்பது அவர்களின் அங்கீகார ஏஜென்ட்தான். பாலிசியில் எல்லா வட்டையும் டிகிரிப்ட் செய்யும்படி மாற்றி, ஒவ்வொரு கணினியும் முடித்துவிட்டதாகக் காட்டும் வரை காத்திருக்க வேண்டும். வட்டின் அளவைப் பொறுத்து சில மணி நேரத்திலிருந்து ஒரு இரவு வரை போகும். மின்சாரத்தோடு இணைத்தே வைக்கச் சொல்லுங்கள். பாதி டிகிரிப்ட் ஆன நிலையில் மென்பொருளைப் பிடுங்கினால் வட்டு திறக்காமல் போகும் அபாயம் உண்டு.

அந்த மென்பொருள் விண்டோஸின் சொந்த வட்டு என்கிரிப்ஷனான பிட்லாக்கரை மேலாண்மை மட்டும் செய்கிறது என்றால் டிகிரிப்ட் தேவையில்லை. ஆனால் மீட்புச் சாவிகள் நிர்வாக சர்வரின் டேட்டாபேஸில் இருக்கும். மேனேஜ்-பிடிஇ கட்டளையால் ஒவ்வொரு கணினியின் சாவியையும் ஆக்டிவ் டைரக்டரிக்கு (நிறுவனத்தின் கணினி, பயனர் பதிவேடு) ஏற்றி, ஏறியதா என்று ஆக்டிவ் டைரக்டரியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. இதைத் தவறவிட்டால், பயாஸ் அப்டேட் ஆகும் ஏதோ ஒரு நாளில் பிட்லாக்கர் சாவி கேட்கும், கொடுக்க யாரிடமும் இருக்காது.

கணக்கெடுப்பு. நிர்வாகத் திரையில் தெரியும் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். மாதக்கணக்கில் தொடர்பில்லாத மடிக்கணினிகள் அதில் வராது. ஆக்டிவ் டைரக்டரி பட்டியல், கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியின் பதிவு, நிர்வாகத் திரை மூன்றையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவற்றைத் தேடுங்கள். லினக்ஸ், மேக், கைபேசிகளையும் சேருங்கள்.

அதோடு இயந்திரங்களைத் தயாரிக்கும் இமேஜ், மெய்நிகர் டெஸ்க்டாப்பின் மூலப்பிரதி, பேக்கப் மூன்றிலும் பழைய மென்பொருள் இருக்கும். பின்னாளில் யாரோ பேக்கப்பிலிருந்து மீட்டால் அதுவும் உயிர்பெறும். நிர்வாக சர்வரில் குழுவுக்கான தானியங்கி நிறுவல் இயக்கத்தில் இருந்தால் காலையில் நீக்கியது மாலையில் திரும்ப வந்து நிற்கும். நீக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அதை அணைத்துவிடுங்கள்.

நீக்கும் வரிசை:

1. பாலிசியில் பாஸ்வேர்டு பாதுகாப்பை எடுங்கள், அல்லது நீக்கும் பணியிலேயே பாஸ்வேர்டைக் கொடுங்கள். பாலிசி கணினிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.
2. தொலைவிலிருந்து நீக்கும் பணியால் எண்ட்பாயிண்ட் பாதுகாப்பை (கணினியில் ஓடும் ஆன்டிவைரஸை) நீக்குங்கள். நெட்வொர்க் ஏஜென்ட் இருக்கட்டும், கட்டளை போவது அதன் வழியாகத்தான்.
3. ரீஸ்டார்ட். இதைப் பயனர் விருப்பத்துக்கு விட்டால் வாரக்கணக்கில் இழுபடும். நேரம் குறித்துக் கட்டாயமாக்குங்கள்.
4. புதிய பாதுகாப்பை நிறுவி, அது புதிய திரையில் தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள்.
5. பிறகு நெட்வொர்க் ஏஜென்ட்டை நீக்குங்கள்.
6. எல்லாம் முடிந்த பின் நிர்வாக சர்வர். அணைக்கும் முன் முழு பேக்கப் எடுத்து வலையமைப்புக்கு வெளியே வையுங்கள். கிடங்கில் கிடந்த என்கிரிப்ட் ஆன மடிக்கணினி ஒன்று பிறகு வெளிப்பட்டால் அந்த பேக்கப் மட்டுமே கைகொடுக்கும். நிகழ்வுப் பதிவுகளையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள், தணிக்கையில் கேட்பார்கள்.

இரண்டு ஆன்டிவைரஸை ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடவிடாதீர்கள். இரண்டுமே கோப்பு திறக்கும் பாதையில் ஃபில்டர் டிரைவரோடு (ஒவ்வொரு கோப்பையும் இடைமறிக்கும் நிரல்) உட்காருபவை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் கணினி உறையும். இடைவெளியைப் பற்றிப் பதற வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வெளி ஆன்டிவைரஸ் போனதும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக எழும்.

சர்வர்களில் அந்த நம்பிக்கை வேண்டாம். எந்த ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று கவனிக்கும் செக்யூரிட்டி சென்டர் விண்டோஸ் சர்வரில் இல்லை, அதனால் இந்தத் தானியங்கி மாற்றமும் இல்லை. பல இடங்களில் டிஃபெண்டரையே கழற்றி வைத்திருப்பார்கள். அதைத் திரும்ப நிறுவ ஒரு ரீஸ்டார்ட் வேண்டும். 40 சர்வருக்கும் பராமரிப்பு நேரம் வாங்குவதுதான் இந்த முழு வேலையில் மிக மெதுவான பகுதி, அதை இன்றே தொடங்குங்கள். முடிந்ததும் பவர்ஷெல்லில் டிஃபெண்டரின் இயங்கு நிலையைக் கேளுங்கள். அதுவே முதன்மைப் பாதுகாப்பு என்றால் "நார்மல்" என்று வர வேண்டும்.

நீக்கியதைச் சரிபார்க்க: அட்மின் உரிமையோடு எஃப்எல்டிஎம்சி கட்டளையை ஓட்டுங்கள். ஏற்றப்பட்ட ஃபில்டர் டிரைவர்களும் அவற்றின் ஆல்டிட்யூட் (அடுக்கு வரிசை) எண்களும் வரிசையாக வரும். ஆன்டிவைரஸ்களுக்கு ஒதுக்கிய வரம்பு 320000 முதல் 329999 வரை. அந்த வரம்பில் புதியதும் டிஃபெண்டரும் தவிர எதுவும் இருக்கக் கூடாது. பிறகு சான்றிதழ்ப் பெட்டி. எச்டிடிபிஎஸ் (என்கிரிப்ட் ஆன இணையதள) போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க இந்த மென்பொருள்கள் தங்கள் ரூட் சான்றிதழைப் போட்டு வைக்கும். அது மிச்சமிருந்தால் நீக்குங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனிப் பெட்டி உண்டு, அங்கேயும் பாருங்கள்.

கூடவே போய்விடுபவை: ஆன்டிவைரஸ் மட்டும்தான் போகிறது என்று நினைக்காதீர்கள். யுஎஸ்பி தடுப்பு, செயலிக் கட்டுப்பாடு, வலைத்தள வடிகட்டல், ஃபயர்வால் விதிகள் எல்லாம் அதே பாலிசியில் இருந்திருக்கும். நீக்கிய கணத்திலிருந்து யுஎஸ்பி திறந்துவிடும். ஒரு குரூப் பாலிசி (ஆக்டிவ் டைரக்டரி வழியாக எல்லாக் கணினிக்கும் போகும் விதி) விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்து வைத்திருந்தால் கணினி ஃபயர்வாலே இல்லாமல் நிற்கும். இவற்றுக்கு மாற்று, பழையதை நீக்குவதற்கு முன்பே குரூப் பாலிசியில் தயாராக இருக்க வேண்டும். விலக்குப் பட்டியலை (ஸ்கேன் செய்யாமல் விடும் கோப்புகள்) அப்படியே நகலெடுத்துப் புதியதில் ஒட்டவும் வேண்டாம். பல வருடமாகச் சேர்ந்த ஓட்டைகள் அதில் இருக்கும். டேட்டாபேஸ், மெயில் சர்வர் தயாரிப்பாளர்கள் சொல்லும் விலக்குகளை மட்டும் புதிதாக எழுதுங்கள்.

கிளை இணைப்பு: நிறுவல் கோப்பு 400 எம்பி என்று வைத்தால் 50 கணினிக் கிளைக்கு 20 ஜிபி. 20 எம்பிபிஎஸ் இணைப்பில் முழு வேகம் கிடைத்தாலே இரண்டேகால் மணி நேரம், அதுவரை கிளையில் வேறு வேலை நடக்காது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு கணினியை விநியோக மையமாக வைத்து, கோப்பை முந்தின இரவே இறக்கிவிடுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு வகை வேலைக்கும் சேர்த்து 15, 20 கணினி. ஒரு வாரம் கவனித்த பிறகு நாளுக்கு 50 என்று போகலாம்.

---

உட்பொதி

மூன்றாவது கேள்வியைப் பலரும் கடைசி வாரத்தில்தான் நினைப்பார்கள். நீங்கள் இப்போதே கேட்டது நல்லது.

ஆன்டிவைரஸ் எஞ்சினை எஸ்டிகே (மற்ற மென்பொருளுக்குள் சேர்க்கத்தக்க நிரல் தொகுப்பு) வடிவில் வாங்கித் தங்கள் பொருளுக்குள் வைத்து விற்பது நெடுநாள் வழக்கம். ஃபயர்வால், மெயில் கேட்வே, கோப்புச் சேமிப்புப் பெட்டி எதிலும் இருக்கலாம், பெட்டியின் மேல் வேறு பெயர்தான் இருக்கும். சட்டவரி சொன்ன 2017 உத்தரவு காஸ்பர்ஸ்கி பெயர் தாங்கிய பொருள்களை மட்டுமே பிடித்தது. வேறு நிறுவனப் பொருளுக்குள் பொதிந்த நிரலைத் தொடவில்லை. 1634ஆம் பிரிவு அந்த ஓட்டையை அடைத்தது: முழுவதுமாகவோ பகுதியாகவோ அவர்கள் உருவாக்கியது எதுவானாலும் கூடாது என்று எழுதினார்கள். உங்கள் மீது எந்த வாசகம் பாய்கிறதோ அதைப் பொறுத்து வேலை இரட்டிப்பாகும்.

கண்டுபிடிக்க மூன்று வழி. தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: ஸ்கேன் எஞ்சின் யாருடையது, எந்தப் பதிப்பிலிருந்து மாறியது, யுஆர்எல் வகைப்பாடும் ஸ்பேம் பட்டியலும் யாரிடமிருந்து வருகின்றன. கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள், எஞ்சினை மாற்றிவிட்டுப் பட்டியலை மட்டும் பழைய இடத்திலிருந்தே எடுக்கும் பொருள் இருக்கலாம். இரண்டாவது, பெட்டியின் திறமூல, மூன்றாம் தரப்பு உரிம அறிவிப்புப் பக்கம். மூன்றாவது, பெட்டியிலிருந்து வெளியே போகும் டிஎன்எஸ் கேள்விகள் (எந்த இணையப் பெயரைத் தேடுகிறது என்பது). முதல் இரண்டிலும் மறைவது மூன்றாவதில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெட்டிக்குள் எஞ்சினை மட்டும் அணைக்க முடிகிறதா என்று கேளுங்கள். அணைத்தால் மெயிலைப் பரிசோதிக்காமல் உள்ளே விடுமா, மெயிலையே நிறுத்திவிடுமா என்பதும் தெரிய வேண்டும். இரண்டும் நடக்கும், பெட்டிக்குப் பெட்டி வேறுபடும்.

---

மடைமாற்றி

என்கிரிப்ஷன் சாவி விஷயம் பட்டியலிலேயே இல்லை, சேர்த்துவிட்டேன். மிக்க நன்றி.

ஒரு துணைக் கேள்வி. தடை செய்யப்பட்ட நிறுவனமே வாடிக்கையாளர்களை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுத்தால் அதை ஏற்றுக்கொள்ளலாமா? நாலாவது கேள்வியும் இன்னும் நிற்கிறது.

---

கட்டளைவரி

ஏற்காதீர்கள், குறைந்தது தானாக நடக்க விடாதீர்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்க வீட்டுப் பயனர்கள் பலரின் கணினியில் காஸ்பர்ஸ்கி தன்னை நீக்கிக்கொண்டு, பாங்கோ குழுமத்தின் அல்ட்ராஏவி என்ற மென்பொருளை நிறுவிவிட்டுப் போனது. மின்னஞ்சலில் முன்பே சொன்னதாக நிறுவனம் சொன்னது. காலையில் கணினியைத் திறந்தவர்கள் தாங்கள் கேட்காத மென்பொருளைப் பார்த்து வைரஸ் என்றே பயந்தார்கள்.

இதில் சட்ட மீறல் இருக்கிறதா என்பதை விட்டுவிடுங்கள். ஆன்டிவைரஸ் அப்டேட் பாதைக்கு எவ்வளவு அதிகாரம் என்பதற்கு இதைவிட நேரடியான காட்சி கிடையாது. யாரும் எதையும் அழுத்தவில்லை, ஒரு மென்பொருள் போய் இன்னொன்று முழு உரிமையோடு வந்து உட்கார்ந்தது. உங்கள் நாலாவது கேள்விக்குப் பாதி பதில் இதுவே.

---

மூலநிரல்

மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

"ஆதாரம் எங்கே" என்பது நியாயமான கேள்வி. காஸ்பர்ஸ்கியும் இதைத்தான் கேட்டது, 1634ஆம் பிரிவை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது. ஒரு நிறுவனத்தைப் பெயர் சொல்லிச் சட்டமன்றமே தண்டிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்பது அதன் வாதம். 2018 நவம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இது தண்டனை அல்ல, அரசின் கணினிகளைக் காக்க எடுத்த முன்னெச்சரிக்கை என்றது. குற்றம் நடந்ததா என்ற கேள்விக்கும் குற்றம் நடக்க வழி இருக்கிறதா என்ற கேள்விக்கும் தேவைப்படும் ஆதாரம் வேறு. தடை உத்தரவுகள் இரண்டாவதன் மேல்தான் நிற்கின்றன.

அந்த வழி என்ன? ஆன்டிவைரஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் வரை போகும், எல்லாக் கோப்பையும் படிக்கும், சந்தேகப்பட்டதைத் தன் சர்வருக்கு ஏற்றும், ஒரு நாளில் பலமுறை வெளியிலிருந்து புதிய உள்ளடக்கத்தை வாங்கிக்கொள்ளும். இவை எல்லாம் அதன் இயல்பான வேலை. நிறுவனம் இருக்கும் நாட்டின் சட்டம் "ஒத்துழை, வெளியே சொல்லாதே" என்று கட்டளையிட முடியுமானால், கெட்ட நோக்கம் இல்லாத நிறுவனமும் கருவியாகிவிடும். காஸ்பர்ஸ்கி 2017இல் தானே வெளியிட்ட விளக்கத்தைப் பாருங்கள்: 2014இல் ஒரு பயனரின் கணினியில் சந்தேகத்துக்குரியது என்று பிடிபட்ட ஒரு சுருக்கக் கோப்பு அவர்களின் சர்வருக்கு வந்தது, அதற்குள் அமெரிக்க உளவு அமைப்போடு தொடர்புபடுத்தப்படும் நிரல்கள் இருந்தன, பார்த்ததும் அழித்துவிட்டோம் என்றார்கள். அவர்கள் சொல்வதை எழுத்துக்கு எழுத்து நம்பினாலும், சாதாரண அமைப்பில் ஓடும் ஆன்டிவைரஸ் ரகசியக் கோப்பைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்பது அந்த விளக்கத்திலேயே இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். கொடியைப் பார்த்து மட்டும் முடிவெடுத்தால் அடி வேறு திசையிலிருந்து வரும். உக்ரைன் 2017 மே மாதம் காஸ்பர்ஸ்கி, டாக்டர் வெப், 1சி உள்ளிட்ட ரஷ்ய நிறுவனங்களைத் தடை செய்தது. சுமார் ஆறு வாரத்தில், ஜூன் 27 அன்று, நாட்பெட்யா என்ற அழிவு நிரல் வந்து நாட்டையே நிறுத்தியது. அது நுழைந்த வழி எம்.இ.டாக் என்ற உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருளின் அப்டேட் சர்வர். 2020இல் சோலார்விண்ட்ஸ் அமெரிக்க நிறுவனம், அதன் சொந்தச் சான்றிதழோடு கையெழுத்தான அப்டேட்டிலேயே கிருமி போனது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு உள்ளடக்கக் கோப்பு 78 நிமிடம் விநியோகத்தில் இருந்தது, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை.

---

நடுநிலை

அப்படியானால் தடை வீண் என்றுதானே முடிவு வரும்? உள்நாட்டு நிறுவனத்தாலும் இதே சேதம் என்றால் வெளிநாட்டு நிறுவனத்தை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்? மூலநிரலைத் திறந்து காட்டுகிறோம் என்று அந்த நிறுவனம் முன்வந்ததே, டேட்டாவைக்கூட சுவிட்சர்லாந்துக்கு மாற்றினார்களே.

---

மூலநிரல்

வீண் இல்லை. ஒரு நிறுவனத்துக்குள் திருடன் புகுந்தால், அது வெளிப்பட்ட நாளிலிருந்து அந்த நிறுவனம் உங்கள் பக்கம் நிற்கும்: ஓட்டையை அடைக்கும், எப்படி நடந்தது என்று சொல்லும். நிறுவனத்தை அதன் அரசே கட்டாயப்படுத்தினால் அந்த நாள் வரவே வராது. முதல் ஆபத்தைத் தொழில்நுட்பத்தால் குறைக்கலாம். இரண்டாவதைக் குறைக்க ஒப்பந்தத்தாலும் முடியாது, பேட்ச் போட்டும் முடியாது. அதனால் பகைமை நிலவும் இரு நாடுகளுக்கு நடுவில், ராணுவம், மின்சாரம், வரி போன்ற இடங்களில் இந்தத் தடை நியாயமானது என்பது என் கருத்து. எல்லா வீட்டுக் கணினிக்கும் அதே அளவு நியாயமா என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை.

மூலநிரல் பார்வையிடலைப் பற்றி: அது நல்ல காரியம், ஆனால் போதாது. நன்றாகச் செய்து பார்த்த இடம் பிரிட்டன். சீனாவின் ஹுவாவே நிறுவனத்தின் தொலைத்தொடர்புக் கருவிகளைப் பரிசோதிக்க அங்கே பான்பரியில் 2010 முதல் ஒரு மையமே வைத்திருந்தார்கள். ஆட்களும் இருந்தார்கள், மூலநிரலும் இருந்தது. தடுக்கி விழுந்தது ஓர் அடிப்படைக் கேள்வியில்: நாம் படிக்கும் மூலநிரலிலிருந்துதான் வலையமைப்பில் ஓடும் பைனரி (இயந்திரம் ஓட்டும் இறுதி நிரல்) உருவானதா? ஒரே மூலத்திலிருந்து ஒரே பைனரியைத் திரும்பத் திரும்ப உருவாக்கிக் காட்ட முடியவில்லை. 2019 அறிக்கையில், ஒரே பொருளின் நிரலுக்குள் ஓபன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் நிரல்தொகுப்பின் நான்கு வெவ்வேறு பதிப்புகளின் 70 முழுப் பிரதிகள் கிடந்ததாக எழுதினார்கள். பின்கதவு எதையும் கண்டுபிடித்ததாக அவர்கள் சொல்லவில்லை. இல்லை என்று உறுதி தர முடியாது என்றுதான் சொன்னார்கள். தொலைத்தொடர்புக் கருவியிலேயே இந்த நிலை. நாளுக்குப் பலமுறை மாறும் ஆன்டிவைரஸில், நேற்று படித்த நிரலுக்கு இன்று என்ன மதிப்பு?

டேட்டா எங்கே இருக்கிறது என்பதைவிட, அப்டேட்டில் கையெழுத்திடும் சாவி யார் கையில், அந்த ஆளை எந்த நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தும் என்பதே கேள்வி.

---

சட்டவரி

மடைமாற்றி, அடுத்து வாங்கப்போகும் பொருளுக்கு ஒப்பந்தத்தில் இவற்றைக் கேளுங்கள்: சட்ட மாற்றத்தால் பயன்படுத்த முடியாமல் போனால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்ப வேண்டும், உள்ளே பொதிந்த மூன்றாம் தரப்பு எஞ்சின் மாறினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், உரிமை வேறொரு நாட்டு நிறுவனத்துக்குக் கைமாறினால் விலகும் உரிமை வேண்டும். மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி கிடைக்கும்தான். தடை வந்தால் முழுகுவதும் அந்தப் பணம்தான்.

---

கட்டளைவரி

தொழில்நுட்பப் பக்கத்தில் ஒன்றே ஒன்று கட்டாயம்: உள்ளடக்க அப்டேட்டையும் வளையம் வளையமாக விடும் வசதி. மென்பொருள் பதிப்பைத் தாமதிக்கும் வசதி பல பொருளில் உண்டு, சிக்னேச்சரைத் தாமதிக்கும் வசதி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். முதல் வளையத்தில் 20 கணினி, இரண்டு மணி நேரம் கழித்து மற்ற கணினிகள், கடைசியில் சர்வர்கள். புதிய வைரஸுக்கு எதிராக இரண்டு மணி நேரம் இழக்கிறீர்கள், பதிலுக்கு ஒரே அடியில் எல்லாம் விழுவதிலிருந்து தப்புகிறீர்கள்.

---

உட்பொதி

நீக்கல் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி. பழைய நிறுவனத்தின் அப்டேட், கிளவுட் டொமைன்களை டிஎன்எஸ்ஸில் தடுத்து, தடுக்கப்பட்ட கேள்விகளைப் பதிவு செய்யுங்கள். நீக்கும் முன்பே தடுத்தால், இன்னும் முறை வராத கணினிகள் அப்டேட் இல்லாமல் நிற்கும், அதனால் கடைசிக் கணினி முடிந்த பின்தான்.

பதிவைக் குறைந்தது 45 நாள் ஓடவிடுங்கள். நீண்ட விடுப்பில் இருப்பவரின் மடிக்கணினி, மாதம் ஒருமுறை மட்டும் எழும் சர்வர், ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் கணினி எல்லாம் அதற்குள் ஒருமுறையாவது குரல் கொடுத்துவிடும். கேள்வி உலாவியிலிருந்து வந்தால் யாரோ அந்த இணையதளத்தைப் பார்த்திருப்பார்கள், விட்டுவிடலாம். குறிப்பிட்ட இடைவெளியில், ராத்திரியிலும், ஒரே சீராக வந்தால் அங்கே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஐபி கணினிப் பட்டியலில் இல்லை என்றால் பிரின்டர், கோப்புச் சேமிப்புப் பெட்டி, வைஃபை ரவுட்டர் என்று தேடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் கணினிகள் உங்கள் டிஎன்எஸ் வழியாக வருகின்றனவா என்பதையும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். விபிஎன் பிரிப்பு (அலுவலகப் போக்குவரத்து மட்டும் விபிஎன்னில், மற்றது நேராக இணையத்துக்கு) வைத்திருந்தால் அவர்களின் கேள்வி உங்கள் பதிவில் விழாது, அவற்றுக்குப் புதிய எண்ட்பாயிண்ட் திரையில் நிறுவப்பட்ட மென்பொருள் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.